மா. முப்பிடாதி, பி.எஸ்ஸி.

ஊத்தாங்குளம் தெற்குத் தெருவில் பீடி சுற்றத் தெரியாத பெண்ணும் பிறக்கவில்லை, மேல்படிப்புக்கு ஊரைத் தாண்டிய பெண்ணும் பிறக்கவில்லை என்று இருந்த காலத்தில், மடியில் முறமும் முறத்தின் ஓரத்தில் புத்தகமுமாக உட்கார்ந்து, ஒரு கண்ணால் இலையையும் மறு கண்ணால் பாடத்தையும் பார்த்தே பன்னிரண்டாம் வகுப்பை முடித்த முப்பிடாதிக்குச் சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்க இடம் கிடைத்தது. கிடைத்த செய்தி போனில் வந்த அன்றே அவள் அம்மா ஆவுடை, சுற்றிய பீடிக்கட்டுகளைக் கடையில் போட்டுவிட்டு நேரே பஜாருக்குப் போய்ப் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு தகரப்பெட்டியை வாங்கித் தலையில் சுமந்து வந்தாள். அந்தப் பெட்டிதான் கடைசி வரைக்கும் நிறையவே இல்லை.

மூடியில் பெயர் எழுத வந்த பெயிண்டர் 'மா. முப்பிடாதி' என்று எழுதிவிட்டு, அதோடு நிறுத்தாமல் ஒரு கமா போட்டு 'பி.எஸ்ஸி.' என்றும் எழுதினான். இப்போதுதானே சேரவே போகிறாள் என்று ஆவுடை கேட்டதற்கு, "மூணு வருசம் கழிச்சு இந்த ரெண்டெழுத்துக்கு ஒருக்கா வரச் சொல்லுதியளாக்கும்" என்று பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். தெரு முழுக்க வந்து அந்த எழுத்தைப் பார்த்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் விரலால் தடவிப் பார்த்ததில் கமா கொஞ்சம் அழிந்து போயிற்று.

"நிலவியலுன்னா கெணறு வெட்டுத படிப்பாட்டி?" என்று கேட்டாள் அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பம்.

"இல்லத்தே, பூமிக்கடியில மண்ணு அடுக்கடுக்கா இருக்கும்லா, அத வச்சி எது பழசு எது புதுசுன்னு கண்டுபிடிக்கது. மேல கெடக்கது புதுசு. தோண்டத் தோண்டப் பழசு."

"அடியில கெடக்கதத் தோண்டி யாருக்கு என்னட்டி ஆகப்போவுது?" என்றாள் தங்கபுஷ்பம். எல்லாரும் சிரித்தார்கள், முப்பிடாதியும் சிரித்தாள்.

பெட்டியில் முதலில் வைக்கிற பொருள் மங்கலமாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். பிரசவத்துக்குப் போகிறவள் பெட்டியில் முதலில் மஞ்சள் வைப்பார்கள், கல்யாணமாகிப் போகிறவள் பெட்டியில் முதலில் உப்பு வைப்பார்கள். படிக்கப் போகிறவள் பெட்டியில் என்ன வைப்பது என்று யாருக்கும் தெரியாததால், ஆவுடை தானாக யோசித்து, மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் அடங்கிய பிளாஸ்டிக் ஃபைலுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, நல்ல நேரம் பார்த்துப் பெட்டியின் அடித்தகரத்தில் படுக்க வைத்தாள். பெண் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஃபைலுக்கு அடியில் பீடி இலையில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தையும் தள்ளினாள். மேலே செய்தித்தாள் விரித்தாள். நகல் ஒன்றும் செல்லாது, மூலச் சான்றிதழோடு நேரில் வந்தால்தான் இடம், திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தியை முப்பிடாதி அம்மாவுக்கு ஏற்கெனவே படித்துக் காட்டியிருந்தாள். ஆவுடையும் அதற்காகத்தான் அதைப் பத்திரமான இடத்தில் வைத்தாள். அடியைவிடப் பத்திரமான இடம் வேறெது?

அப்புறம் துணிமணி வைத்தாள், போர்வை வைத்தாள், இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்தாள், வாளியும் கோப்பையும் வைத்தாள். பெட்டியில் பாதிதான் ஆகியிருந்தது. மெட்ராஸுக்கு ஒருத்தி போகிறாள் என்றால் அவளோடு சேர்ந்து தெருவே போகும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். தாம்பரத்தில் இருக்கிற மகனுக்கு ஒருத்தி கருப்பட்டி கொண்டுவந்தாள், ஆவடியில் இருக்கிற தங்கச்சிக்கு ஒருத்தி உரலும் உலக்கையும் கொண்டுவந்தாள், "அப்படியே போற வழியில குடுத்துரு தாயி" என்று ஆளுக்கொரு மூட்டை வைத்தார்கள். அப்போதும் பாதிதான் ஆகியிருந்தது. உள்ளே கையை விட்டால் தோள் வரைக்கும் போயிற்று, கம்பை விட்டால் கம்பு முழுகிற்று, கிணற்றுக் கயிற்றை விட்டால் கயிறும் முழுகிற்று. தூக்கிப் பார்த்தால் பெட்டி வாங்கி வந்த கனம்தான் இருந்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. கடைக்காரன் நல்ல தகரமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறான் என்றார்கள். இப்போதெல்லாம் எதுவும் நயமாக வருவதில்லை, இது நயமாக வந்திருக்கிறது என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆச்சரியத்துக்குப் பதிலாக அவர்களுக்கு யோசனைகள் வந்தன. அந்த யோசனைகளைச் சொல்வதற்கு முன்னால் செல்லக்கனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செல்லக்கனி தெற்குத் தெருவில் வீடுவீடாக வாசல் தெளித்து மாடு கழுவிப் பிழைத்தவள். தெருவில் எது காணாமல் போனாலும் அவள்தான் எடுத்தாள் என்பது தீர்மானமாகியிருந்தது. கோயில் வெண்கல மணி போனபோது அவளை அடித்தார்கள், பொதுக்கிணற்று மோட்டார் போனபோது அடித்தார்கள், கடைசியாகத் தங்கபுஷ்பத்தின் சிவப்புக்கல் கம்மல் போனபோது கரண்டுக் கம்பத்தில் கட்டிவைத்து, வீட்டுக்கு ஒரு அடி என்று வரிசையில் நின்று அடித்தார்கள். ஆவுடை தன் வீட்டுக்கு உள்ள அடியைவிடக் கூடுதலாகவே அடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த முப்பிடாதி ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் அவள் வாயில் வைத்ததற்கு அவளுக்கும் ஒரு அறை விழுந்தது. செல்லக்கனி அன்று சாயங்காலமே செருப்புகூடப் போடாமல் ஊரை விட்டுப் போனாள். பாவிகள், ஒருத்தராவது ஒரு செருப்பைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம்.

அவள் போன பிறகு பொருள் காணாமல் போவது நின்றுவிட்டதா என்றால், நிற்கவில்லை. காணவில்லை என்று யாரும் சொல்லிக்கொள்வதுதான் நின்றது. இப்போது நிறையாத ஒரு பெட்டி, அதுவும் ஊரை விட்டுப் போகிற பெட்டி, கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றதும் தெருக்காரர்கள் முந்தானையில் மூடியும் சாக்கில் சுற்றியும் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். "என்னதுக்கா இது, கனமா இருக்கு?" என்று முப்பிடாதி கேட்டால், "ஒனக்கென்னட்டி, ஒங்க பெட்டி கனக்கவா போவுது?" என்று பதில் வந்தது. போட்டுவிட்டுத் திரும்புகிற எல்லார் முகத்திலும் குளித்துவிட்டு வந்தாற்போல ஒரு தெளிவு இருந்தது. அந்த வாரம் தெருவில் எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள்.

பிறகு சீனிப்பாண்டி வந்தார். பீடிக்கடையும் அவருடையது, தெருக் கமிட்டித் தலைவர் பதவியும் அவருடையது. சரியில்லை, தள்ளுபடி என்று அவர் கழித்துவிடுகிற பீடியைச் சுற்றியவள் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதுதான். படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அப்பாவைக் கட்டிலோடு இரண்டு பேரை வைத்துத் தூக்கி வந்து, பெட்டிக்குள் பதமாக இறக்கினார்.

"அண்ணாச்சி, பெரியவர எப்படி..." என்று இழுத்தாள் ஆவுடை.

"உள்ள நல்ல குளுமையா இருக்கு ஆவுட. வீட்டுல ஃபேனு ஓடுதான்னுகூடப் பாக்க ஆளில்ல. இங்கன நிம்மதியா கெடக்கட்டும்."

"பெட்டி மெட்ராஸுக்குல்லா போவுது."

சீனிப்பாண்டி பெயரெழுதிய மூடியைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "அப்பாவுக்கு ஓட்டு இங்கனதான இருக்கு. ரேசன் கார்டும் இங்கனதான். அவர எப்படி மெட்ராஸுக்கு அனுப்ப முடியும்? பெட்டி இங்கனயே இருக்கட்டும். பிள்ளைக்கு நான் ஒரு நல்ல பேக்கா வாங்கித் தாரேன்."

அவர் சொன்னபடியே சக்கரம் வைத்த ஒரு பை வந்தது. முப்பிடாதிக்கு வருத்தமில்லை. அவளுக்கு அந்தப் பெட்டி மேல் ஆசையே இருந்ததில்லை. விடுதி அறையில் வேறு ஊர்ப் பெண்களுக்கு நடுவில் பச்சைத் தகரப்பெட்டியை எங்கே கொண்டுபோய் மறைப்பது என்று உள்ளுக்குள் கூச்சப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள். சனிக்கிழமை காலை, சாயங்காலப் பஸ்ஸுக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள் ஈரத் தலையோடு சொன்னாள்.

"எம்மா, எனக்குப் பெட்டி வேண்டாம். அந்த ஃபைல மட்டும் எடுத்துக் குடு."

ஆவுடையின் கை முறத்தில் அப்படியே நின்றது.

ஃபைல் அடியில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் மேலே இருப்பதையெல்லாம் எடுக்க வேண்டும். எடுத்தால் தெருவில்தான் பரப்ப வேண்டும். பரப்பினால் எல்லாரும் பார்ப்பார்கள். செய்தி காலைக் காப்பி முடிவதற்குள் தெருக்கோடி வரை போயிற்று, போன வேகத்தில் தெரு முழுவதும் ஆவுடை வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. அவர்களில் ஒருவருக்கும் முப்பிடாதி மேல் கோபமில்லை. போய்ப் படிக்கட்டும், நன்றாக இருக்கட்டும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தங்கள் பொருளை மட்டும் வெளியே எடுக்கக் கூடாது என்றார்கள்.

"அடுத்த வருசம் போய்ச் சேந்தா என்ன?" என்றாள் தங்கபுஷ்பம்.

"அடுத்த வருசம் எடம் இருக்காதுத்தே. திங்கக்கெழம போகலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாவ." என்றாள் முப்பிடாதி. "நான் வேண்ணா உள்ள எறங்கி எடுத்துக்கிடுதேன். யாரும் ஒண்ணையும் வெளிய எடுக்க வேண்டாம். எனக்கு ஃபைலு மட்டும் போதும்."

கமிட்டி நின்றபடியே கூடிப் பேசியது. அவள் பார்த்தால் என்ன, பார்த்ததெல்லாம் அவளோடு மெட்ராஸுக்குப் போய்விடும் என்றார் சீனிப்பாண்டி. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. கிணற்றுக் கயிற்றோடு கயிறு முடிந்து, அவள் இடுப்பில் கட்டி, போனை டார்ச்சாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில் அவளை உள்ளே இறக்கினார்கள். இறங்கும்போது அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அவள் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் அவள் நிலவியல் படிக்கப் போகிறவள். வாழ்க்கையில் முதல்முறையாக அடுக்கடுக்காக ஒன்றைப் பார்க்கிறாள். பார்த்ததைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

"எம்மா, தாத்தா இருக்காவ! காப்பி வந்துட்டான்னு கேக்காவ!"

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். கயிறு இறங்கியது.

"யக்கா, இங்கன ஒரு சாக்குல மோட்டாரு இருக்கு! நம்ம பொதுக்கெணத்து மோட்டாரு மாதிரியே இருக்கு... அதேதான், நம்மூரு பேரு எழுதியிருக்கு!"

சிரிப்பு பாதியாகக் குறைந்தது. சிலர் சீனிப்பாண்டியைப் பார்த்தார்கள். பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"கோயில் மணி! அத்தே, கோயில் மணி இருக்கு, ஒங்க வீட்டுப் பழைய சேலையில சுத்தியிருக்கு!"

தங்கபுஷ்பம் சிரிப்பதை நிறுத்தினாள். கீழேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. பால் சொசைட்டித் தராசு, வாத்தியார் வீட்டுச் சைக்கிள், பள்ளிக்கூடத்துச் சத்துணவு அண்டா, எதிர்வீட்டுக் கிழவி செத்த அன்று கழுத்திலிருந்து காணாமல் போன சங்கிலி. அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தொலைந்ததெல்லாம் கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில் சொன்னாள். "அப்போ செல்லக்கனி அக்கா ஒண்ணையும் எடுக்கல! எம்மா, கேக்கியா, செல்லக்கனி அக்கா ஒண்ணையுமே எடுக்கல!" என்று அவள் கத்தியபோது அந்தக் குரலில் அழுகையும் சேர்ந்திருந்தது. முற்றத்தில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பெட்டியை நெருங்கி நின்றார்கள்.

"வாய மூடிக்கிட்டு எடுட்டி!" என்று அதட்டினார் சீனிப்பாண்டி.

கயிறு இன்னும் இறங்கியது. பிறகு வெகு ஆழத்திலிருந்து, "கெடச்சிட்டும்மா! ஃபைலு கெடச்சிட்டு! மஞ்சள்கூட அழியல!" என்று கேட்டது. ஆவுடை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"தூக்குங்க, தூக்குங்க" என்றாள்.

"இரும்மா, ஃபைலுக்கு அடியில ஒரு இலைப் பொட்டலம் இருக்கு. ஒனக்குள்ளதா?"

"அதப் பிரிக்காத தாயி. அப்படியே மேல வா."

"நம்ம வீட்டு இலை மாதிரிதான் இருக்கு..."

"பிரிக்காதங்கேன்லா!"

காய்ந்த இலை நொறுங்குகிற சத்தம் அத்தனை ஆழத்திலிருந்தும் தெளிவாகக் கேட்டது. மெட்ராஸில் யாருக்குத் தெரியப்போகிறது, பெண் காதில் ஒரு நாளாவது போட்டுப் பார்க்கட்டும் என்றுதான் ஆவுடை அதை அங்கே வைத்திருந்தாள். வேறு ஒரு கெட்ட எண்ணமும் அவளுக்கு இல்லை.

"எம்மா," என்றது குரல். இப்போது அது கத்தவில்லை. "எம்மா, இது..."

ஆவுடை மூடியை மூடினாள். யாரும் அவளை மூடச் சொல்லவில்லை, அவளாகவே மூடினாள். கயிறு மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூட விடாமல் நின்றபோது தங்கபுஷ்பம் அரிவாள்மனையை எடுத்து வந்து அறுத்தாள். சீனிப்பாண்டி கொண்டியை மாட்டினார். ஆவுடை பக்கத்தில் கிடந்த முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெட்டி மேலேறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பீடி சுற்ற ஆரம்பித்தாள்.

"பிள்ள பஸ் ஏறிட்டா" என்றார் சீனிப்பாண்டி.

"ஏறிட்டா, ஏறிட்டா" என்றது தெரு. பஸ் ஊருக்குள் வருவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், கேரளாப் பக்கம் லாரி ஓட்டுகிற முப்பிடாதியின் அப்பா மாசாணம் போன் செய்தார். கிளம்பிவிட்டாளா என்று கேட்டார், கிளம்பிவிட்டாள் என்றாள் ஆவுடை. செவ்வாய்க்கிழமை மறுபடி போன் செய்து, சேர்ந்துவிட்டாளா என்று கேட்டார், சேர்ந்துவிட்டாள் என்றாள். அவள் போன் ஏன் அடிக்கவே மாட்டேன் என்கிறது என்று கேட்டார். "கிளாஸுல இருப்பா. படிக்கிற பிள்ளைய சும்மா தொந்தரவு பண்ணாதிய" என்றாள் ஆவுடை. மாசாணம் மகளை நினைத்துப் பெருமைப்பட்டு, உடன் வந்த கிளீனருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

தெரு அமைதியாயிற்று. அதற்குப் பிறகு அங்கே ஒரு சண்டைகூட வரவில்லை. எல்லாரும் எல்லாரிடமும் அன்பாக இருந்தார்கள். எல்லார் பெட்டியும் ஒன்றுதானே. நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் பொருள் போட வருவது மட்டும் நிற்கவில்லை. யாராவது சாக்கோடு வந்தால் ஆவுடை முறத்தை இறக்கிவைத்து, எழுந்து நின்று, மூடியைச் சாண் அளவுக்குத் திறப்பாள். திறந்த உடனே அந்த இடுக்கு வழியாக ஒரு கை வரும். சாக்குகள் மேல் ஏறி, மூட்டைகள் மேல் ஏறி, எப்படியோ விளிம்பு வரைக்கும் வந்துவிட்ட கை. விரல்களில் பிளாஸ்டிக் ஃபைலை இறுக்கிப் பிடித்திருக்கும். பொருள் போட வந்தவர்கள் அந்தக் கையைக் குழந்தையின் கையை விலக்குவது போலப் பதமாக விலக்கி, "இரு தாயி, இத மட்டும் வச்சிட்டுப் போயிருதேன்" என்று சொல்லிச் சாக்கை உள்ளே தள்ளுவார்கள். சாக்கோடு சேர்ந்து கையும் கீழே போகும்.

"எம்மா, இன்னைக்கு என்ன கெழம?" என்று அது போகும்போது உள்ளேயிருந்து கேட்கும்.

"சனிக்கெழமதான் தாயி" என்பாள் ஆவுடை. "இன்னும் நாள் இருக்கு."

மூடியை மூடி உட்கார்ந்ததும் கொஞ்சம் அழுவாள். அழுதாலும் கை நிற்காது, அவள் சுற்றிய பீடியில் தள்ளுபடி என்று ஒன்றுகூட வந்ததில்லை. ஊறுகாய் போடும் காலம் வந்தால் ஒரு ஜாடியில் நார்த்தங்காய் போட்டு உள்ளே இறக்குவாள். அந்தப் பெண்ணுக்கு நார்த்தங்காய் என்றால் உயிர்.

ஊறுகாய் இறங்கிக்கொண்டே இருந்தது, மழை வந்து போயிற்று, கோயில் கொடை வந்து போயிற்று; பெரியவர் காப்பி கேட்பது முதலில் நின்றது; அதை யாரும் கவனிக்கவில்லை, தேர்தலில் அவர் ஓட்டு மட்டும் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. ஃபைலில் இருந்த மஞ்சள் வெளுத்தது, பிளாஸ்டிக் பழுத்தது, அதைப் பிடித்த விரல்கள் மெலிந்து கொண்டே வந்தன. ஒரு நாள் அந்தக் கை ஃபைல் இல்லாமல் வந்தது. உள்ளங்கையைத் திறந்து காட்டியது. அதில் சிவப்புக்கல் கம்மல் ஒரு ஜோடி இருந்தது. ஆவுடை அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, பக்கத்திலேயே நின்ற தங்கபுஷ்பம் என்னுடையது என்று கேட்கவும் இல்லை. இருவருமாக அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளே விட்டார்கள்.

மூன்றாம் வருடம் கோடையில் தங்கபுஷ்பத்தின் மகளுக்கும் சென்னையில் படிக்க இடம் கிடைத்தது. அவளுக்கும் ஒரு பெட்டி வேண்டும், ஆனால் வீட்டிலிருக்கிற வேண்டாத சாமான்களை முதலில் ஒழிக்க வேண்டும் என்று தங்கபுஷ்பம் ஒரு மூட்டையோடு வந்தாள். ஆவுடை எழுந்து மூடியைத் திறந்தாள். இருவரும் காத்திருந்தார்கள். கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தார்கள். யாரும் கிழமை கேட்கவில்லை. குனிந்து காதை வைத்துப் பார்த்தாள் ஆவுடை. நார்த்தங்காய் வாசனைதான் வந்தது.

ஆவுடை நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"முப்பிடாதிக்குப் படிப்பு முடிஞ்சிட்டு மைனி" என்றாள்.

தெரு முழுவதும் அல்வாவோடு வந்தது. முதல் பட்டதாரி என்று சீனிப்பாண்டி பெட்டிக்கு மாலை போட்டார். பட்டத்தை எழுத வேண்டுமே என்று பெயிண்டருக்கு ஆள் அனுப்பப் போனபோதுதான், தங்கபுஷ்பத்தின் மகள் மூடியைக் கையால் துடைத்து எல்லாருக்கும் காட்டினாள். கமா மட்டும்தான் போயிருந்தது, அவன் அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தான்.